பெரும்பாடு: ஒரு நோயின் வரலாறு

மாதவிடாய்க் குருதி அளவிறந்து பெருகும் நோயைத் தமிழ் வைத்தியம் ‘பெரும்பாடு’ என்று பெயரிட்டு வழங்கியது. பாடு என்பது துன்பம். பாடு என்பது உழைப்பு. ‘பட்ட பாடு’ என்று நம் மக்கள் சொல்லும்போது இரண்டையும் சேர்த்தே சொல்கின்றனர். விவிலியத்தைத் தமிழாக்கியோரும், மாற்கு சுவிசேஷத்திலே 12 ஆண்டுகளாக உதிரப்போக்கினால் வருந்திய பெண்ணைக் குறிக்க இச்சொல்லையே எடுத்தாண்டனர். அவள் வைத்தியர் பலரிடம் சென்றாள்; கைப்பொருள் அனைத்தையும் இழந்தாள்; நோயோ வளர்ந்தது. பழைய யூதச் சட்டத்தின்படி உதிரம் நிற்கும்வரை அவள் தீட்டுடையவள். ஆதலினாற் கூட்டத்தின் நடுவே, எவரும் அறியாவண்ணம், பின்புறமாக வந்தே அவள் குணம் தேட வேண்டியிருந்தது.

செலவு, அலைச்சல், வெட்கம், மறைவு ஆகிய நான்கும் இந்நோயை இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்துள்ளன. மருத்துவம் வளர்ந்த வரலாற்றைப் பெரிய மருத்துவர்களின் வரலாறாகவே எழுதுவது வழக்கம். பெரும்பாட்டின் வரலாற்றை அவ்வாறு எழுதினாற் பாதி உண்மை மறைந்துவிடும். நோயுற்ற பெண் தன் உடலைப் பற்றிச் சொன்னதை யார் கேட்டனர், யார் கேட்க மறுத்தனர், கேளாமையால் யாருக்கு ஆதாயம் விளைந்தது என்னும் வினாக்களையும் உடன் எழுப்புதல் வேண்டும்.

பழைய உலகம் இக்குருதியை நோக்கிய விதத்துக்கு உரோமைப் பேரறிஞன் பிளினி நல்ல சான்று. கி.பி. 77 அளவில் அவன் இயற்றிய இயற்கை வரலாற்று நூல், மாதவிடாய்க் குருதி பட்டால் திராட்சை மது புளிக்கும், பயிர் கருகும், கண்ணாடி ஒளி மங்கும் என்று கூறுகிறது. உலகத்துப் பொருள்களை எல்லாம் ஆராயப் புகுந்தவன், தன் வீட்டுப் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவற்றை எழுதியிருக்க மாட்டான். எனினும் அக்காலத்தவர் அனைவரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. பிளினிக்குச் சற்றுப் பின்னர் உரோமில் வைத்தியம் புரிந்த எபேசு நகரத்துச் சொரேனஸ், கருப்பை ஒரு விலங்கைப் போல உடலுக்குள் அலைந்து திரிகிறது என்ற நம்பிக்கையை மறுத்தான். கடும் பிரசவம், கருச்சிதைவு, புண் ஆகியவற்றால் உதிரம் பெருகலாம் எனக் காரணங்களைப் பிரித்துக் கூறினான். மருத்துவிச்சி எழுத்தறிவு உடையவளாகவும் மூடநம்பிக்கை அற்றவளாகவும் இருத்தல் வேண்டும் என்றான். பாரதத்திலோ சரகரும் சுசுருதரும் இந்நோயை ‘அசிருக்தரம்’ என வகுத்து மருந்து கூறினர். அசோக மரத்துப் பட்டை இன்றுவரை நாட்டு வைத்தியரின் கைமருந்தாக நிலைத்திருக்கிறது.

ஆனால், காரணத்தைக் கண்ணால் காணும் வழி எவரிடமும் இருக்கவில்லை. அந்த வழி திறந்த கதை பெருமைக்குரியதாக மட்டும் இல்லை. பிரான்சிலே றெகாமியே என்பவர் 1840களிற் கருப்பையின் உட்புறத்தைச் சுரண்டி எடுக்கும் கருவியை உருவாக்கினார். அதே பத்தாண்டில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மொன்ற்கொமரி நகரில், மரியன் சிம்ஸ் என்ற சத்திரவைத்தியர் யோனியினுள்ளே தெளிவாகப் பார்க்க உதவும் கருவியையும், பிரசவத்தாற் கிழிந்த சிறுநீர்ப்பையைத் தைக்கும் முறையையும் கண்டார். 1845 முதல் 1849 வரை அவர் கத்தி வைத்த பெண்கள் கறுப்பு அடிமைகள். அனார்க்கா, பெற்சி, லூசி என்ற மூவரின் பெயர்கள் மட்டுமே நமக்குக் கிடைத்துள்ளன. மயக்கமருந்து இன்றி அனார்க்காவின் உடலில் 30 தடவை சத்திரசிகிச்சை நடந்தது. அவர்களிடம் சம்மதம் கேட்கச் சட்டம் கோரவில்லை. உடைமையாளனின் சம்மதமே போதுமானதாக இருந்தது. நியூயோர்க்கின் மத்திய பூங்காவில் நின்ற சிம்ஸின் சிலை 2018இல் அகற்றப்பட்டது. உலகெங்கும் பெண்நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இன்றும் கையாளப்படும் கருவியோ அவருடைய கருவியின் வழிவந்ததே. அதனைக் காணும்போது அம்மூவரையும் நினைப்பது நம் கடன்.

அடிமைத்தளையில் இல்லாத பெண்ணும் தப்பவில்லை. 1872இல் ஜோர்ஜியா மாநிலத்து றொபேட் பாற்றி என்பவர் மாதவிடாய்த் துன்பத்தைப் போக்குவதற்காக ஒரு பெண்ணின் சூலகங்களை அறுத்தெடுத்தார். சூலகம் நோயுற்றிருக்க வேண்டும் என்ற நியதியே இல்லை. மாதவிடாய்க் கோளாறு தொடங்கி மனக்கோளாறு ஈறாக யாவற்றுக்கும் இதுவே மருந்தென்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் இச்சிகிச்சைக்கு ஆளாயினர். மாண்டோர் பலர், பிழைத்தோர் இளமையிலேயே முதுமையின் உடலைப் பெற்றனர். நூற்றாண்டின் இறுதிக்குள் மருத்துவ உலகமே இதனைக் கைவிட நேர்ந்தது. இங்கே கருவியில் தவறில்லை, கையிலும் தவறில்லை. பெண்ணின் துன்பம் முழுவதற்கும் அவள் பெண்ணாயிருப்பதே காரணம் என்ற முன்முடிவிலேதான் தவறு.

அந்த முன்முடிவை எதிர்த்து ஒருவர் எழுந்தார். ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வேட் கிளாக் என்பவர் 1873இல் ஒரு நூல் வெளியிட்டு, மாதவிடாய் உடைய பெண் உயர்கல்வி கற்பாளாயின் அவள் உடல் சீர்கெடும் என்று வாதித்தார். நியூயோர்க்கின் பெண் மருத்துவர் மேரி பட்னம் ஜக்கோபி அதற்கு விடையளிக்க முற்பட்டார். அவர் செய்தது மிக எளிய காரியம்: பெண்களையே கேட்டார். 1,000 வினாக்கொத்துகளை அனுப்பினார்; 268 விடைகள் கிடைத்தன. அவற்றையும் தம் அளவீடுகளையும் கொண்டு, மாதவிடாய்க் காலத்தில் ஓய்வு எல்லாப் பெண்களுக்கும் கட்டாயமன்று என நிறுவினார். எழுதியவர் பெயர் தெரியாத வண்ணம் சமர்ப்பிக்கப்பட்ட அக்கட்டுரைக்கு அதே ஹாவாட் 1876இல் தன் பொய்ல்ஸ்டன் பரிசை வழங்கிற்று. பெண்ணின் சொல்லை அறிவியற் சான்றாக ஏற்ற முதன்மையான முயற்சிகளுள் இதற்கு இடமுண்டு.

இலங்கையை நோக்குவோம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். அவருடைய முயற்சியால் தமிழில் வெளிவந்த நூல்களுள் ‘பிரசவ வைத்தியம்’ 1857ஆம் ஆண்டிலேயே அச்சேறியது. ஆட்சியாளரின் மொழி தெரியாத மக்களுக்கும் மருத்துவ அறிவு உரியது என்ற எண்ணம் அன்று சாதாரணமான ஒன்றன்று. 1879இல் கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி தோன்றிற்று. 1898இல் இணுவிலிற் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மக்லியொட் மருத்துவமனை திறக்கப்பட்டது. தமிழில் நூல் தோன்றியதற்கும் பெண்களுக்கென இணுவிலில் ஒரு கட்டில் கிடைத்ததற்கும் இடையில் 41 ஆண்டுகள். நூலறிவு தானாக மருத்துவமனை ஆகிவிடுவதில்லை.

நோயின் உண்மையான இயல்பு விளங்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில். சுரண்டி எடுத்த கருப்பை உட்சவ்வை நுணுக்குக்காட்டியிற் பார்த்த பழைய ஆய்வாளர், அதில் ஒருநாள் ஒரு தோற்றமும் மற்றொருநாள் வேறு தோற்றமும் கண்டு, அவற்றை அழற்சி நோய் என எண்ணியிருந்தனர். வியன்னாவைச் சேர்ந்த ஹிட்ஷ்மான், அட்லர் ஆகிய இருவரும் 1908இல் அம்மாற்றங்கள் நோயல்ல, மாதந்தோறும் நிகழும் இயல்பான வளர்ச்சியின் படிகளே என்று காட்டினர். அவர்கள் செய்ததும் ஒருவகையிற் கேட்டலே: ஒவ்வொரு பெண்ணின் சவ்வையும், அவளுடைய மாதவிடாய் வந்த நாளோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். இயல்பு எது என்று தெரியாதவரை நோய் எது என்று எவ்வாறு தெரியும்?

1929இல் ஈஸ்ரோஜன் வகை ஓமோன் ஒன்றையும், 1934இல் புரோஜெஸ்தரோனையும் ஆய்வாளர் பிரித்தெடுத்தனர். முன்னது உட்சவ்வைத் தடிப்பாக வளர்க்கிறது. சூல்முட்டை வெளியேறிய பின்னர் சுரக்கும் பின்னது அச்சவ்வை உறுதிப்படுத்துகிறது. கருத்தரியாவிடின் அதன் அளவு வீழ, சவ்வு ஒழுங்காக உதிர்கிறது. சூல்முட்டை வெளியேறாத மாதங்களில் இரண்டாவது ஓமோன் சுரப்பதில்லை. சவ்வு கட்டுப்பாடின்றி வளர்ந்து, தாங்காது இடிந்து, காலமும் அளவும் தப்பிக் குருதி பெருகுகிறது. புதிதாகப் பருவமெய்திய சிறுமியரிடத்தும், மாதவிடாய் நிற்கும் வயதை அணுகும் பெண்களிடத்தும் இது மிகுதி. பேயென்றும் பாவமென்றும் சொல்லப்பட்டதன் பின்னால் இரு சுரப்புகளின் சமநிலைக் குலைவே இருந்தது.

வேறு காரணங்களும் உண்டு. பின்லாந்துக்கு உரிய ஓலாந்துத் தீவுகளில் வாழ்ந்த 5 வயதுச் சிறுமி ஒருத்தியை 1924இல் எரிக் வொன் வில்லெபிராண்ட் என்ற மருத்துவர் பரிசோதித்தார். அவள் குடும்பத்தில் பலருக்குக் குருதி எளிதில் உறைவதில்லை. பெண்களையும் தாக்கும் அந்தப் பரம்பரை நோயை 1926இல் அவர் விவரித்தார். அவர் பெயராலேயே அது இன்று வழங்குகிறது. அச்சிறுமியோ 13 வயதில், தனது நான்காவது மாதவிடாயின்போது, குருதி நில்லாமல் இறந்தாள். முதல் மாதவிடாயிலேயே அளவுமீறிப் பெருகும் சிறுமியைக் கண்டால், ‘வயது வந்தால் இப்படித்தான்’ என்று ஆறுதல் கூறி அனுப்பும் பெரியோர் இக்கதையை அறிந்திருத்தல் நன்று.

உடலுக்குள் நோக்கும் வழியும் மாறிற்று. கிளாஸ்கோவைச் சேர்ந்த இயன் டொனால்ட், உலோகத்திலுள்ள வெடிப்பைக் கண்டறியத் தொழிற்சாலைகளிற் பயன்பட்ட மீயொலிக் கருவியைப் பற்றி அறிந்தார். 1955இல், சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளை றென்புறூவிலுள்ள ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குக் கொண்டுசென்று சோதித்தார். திண்மக் கட்டிக்கும் நீர்க்கட்டிக்கும் எதிரொலி வேறுபட்டது. 1958இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரையே, கத்தியின்றிக் கருப்பைக் கட்டியைக் காணும் முறைக்கு அடிகோலியது. கொதிகலன் செய்யும் தொழிலாளரின் கருவி பெண்களின் உயிர்காக்கும் கருவியாயிற்று. அறிவு எந்தப் பட்டறையிற் பிறக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மருந்தின் வரலாறும் இத்தகையதே. போருக்குப் பின் வறுமையுற்றிருந்த யப்பானில் உட்டாகோ ஒகமொட்டோ என்ற பெண் மருத்துவரும் அவர் கணவர் ஷோசுக்கேயும் குருதியை ஆராயத் துணிந்தனர். ஆய்வுக்குப் பணமில்லை, குருதியோ தம் உடலிலேயே இருந்தது. பெண் என்பதற்காக அறிஞர் கூட்டங்களில் ஏளனத்துக்கு ஆளான உட்டாகோ, 1962இல் திரனெக்சாமிக் அமிலத்தைக் கணவருடன் கண்டுபிடித்தார். உறைந்த குருதி மீண்டும் கரைவதை அது தடுக்கிறது. மாதவிடாய் நாள்களில் மட்டும் உட்கொண்டாலே குருதியிழப்பை மூன்றிலொரு பங்கு முதல் அரைப்பங்கு வரை குறைக்க வல்லது. 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நிகழ்ந்த ஆய்வு, பிரசவத்துக்குப் பிந்திய குருதிப்பெருக்காற் சம்பவிக்கும் மரணங்களையும் அது குறைக்கிறது என்பதை 2017இல் மெய்ப்பித்தது. அதற்கு முந்திய ஆண்டிலே, 98 வயதில், உட்டாகோ காலமாகிவிட்டார்.

அமெரிக்காவில் 1957இல் ‘எனோவிட்’ என்னும் ஓமோன் மாத்திரைக்கு அரசு அனுமதி அளித்தபோது, அது மாதவிடாய்க் கோளாறுக்கான மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. கருத்தடைக்கென அனுமதி 1960இலேயே கிட்டியது. இடைப்பட்ட காலத்தில் அந்நாட்டில் மாதவிடாய்க் கோளாறு கூறுவோர் தொகை வியத்தகு வகையிற் பெருகிற்று என்பர். ஆனால், அம்மாத்திரை 1956 முதல் புவேர்ட்டோ றிக்கோவின் ஏழைப் பெண்களிடமே பெரும் அளவிற் பரிசோதிக்கப்பட்டது என்பதையும், தாம் ஓர் ஆய்வுக்கு உட்படுவதை அவர்கள் அறிந்திலர் என்பதையும் மறத்தலாகாது. மொன்ற்கொமரிக்கும் இதற்கும் இடையில் நூறாண்டு கடந்திருந்தது.

எவ்வளவு குருதி போனால் நோய்? 1966இல் சுவீடனைச் சேர்ந்த ஹல்பேர்க்கும் சகாக்களும் கொத்தன்பேர்க் நகரத்துப் பெண்கள் 476 பேரிடம் மாதவிடாய்த் துணிகளைச் சேகரித்து, இழந்த குருதியை இரசாயன முறையால் அளந்தனர். 80 மில்லி லீற்றருக்கு மேல் இழப்போரிடம் இரும்புக் குறைவு தெளிவாகத் தெரிந்தது. கணக்கு எளிது. ஒரு மில்லி லீற்றர் குருதியில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. 80 மில்லி லீற்றரில் 40 மில்லிகிராம். உணவிலிருந்து உடல் நாளொன்றுக்கு ஈர்ப்பதோ 1 அல்லது 2 மில்லிகிராம். அதிலும் ஒரு பகுதி ஏனைய வழிகளில் நாள்தோறும் கழிகிறது. கீரையும் மீனும் போதாத வீட்டில் இக்கணக்கு ஒருபோதும் நேராகாது. முகம் வெளிறி, மூச்சு வாங்கி, நெஞ்சு படபடக்க வேலைக்குச் செல்லும் பெண்ணைச் சோம்பேறி என்பது இக்கணக்கை அறியாதார் பேச்சு.

அவ்வாய்வு மற்றோர் உண்மையையும் காட்டியது. மிகுதியாக இழந்த பெண்களிற் சிலர் தம் நிலையைச் சாதாரணம் என்றே எண்ணியிருந்தனர். குறைவாக இழந்தோரிற் சிலர் மிகுதி என்றனர். இதனைக் கொண்டு பெண்களின் சொல் நம்பத்தகாதது எனச் சிலர் முடிவு கட்டினர். தாயும் தமக்கையும் அவ்வாறே துன்புற்ற வீட்டில் வளர்ந்தவள் துன்பத்தைச் சாதாரணம் என்பதில் வியப்பென்ன? பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டல் நிறுவனம் 2007இல் இச்சிக்கலுக்குத் தீர்வு கண்டது. ஒரு பெண்ணின் உடல், மனம், சமூக வாழ்வு, பொருள்நிலை ஆகியவற்றைப் பாதிக்குமளவு குருதி போகுமாயின் அதுவே மிகுதி என அது வரையறுத்தது. அளவைக் குவளையின் இடத்திற் பெண்ணின் வாழ்க்கை வைக்கப்பட்டது. அதே நிறுவனத்தின் கூற்றுப்படி, 1990களின் முற்பகுதியில் இம்முறைப்பாட்டோடு வந்த பெண்களிற் குறைந்தது 60 வீதத்தினருக்குக் கருப்பை அகற்றப்பட்டது. பலருக்கு வேறு சிகிச்சை கூறப்படவே இல்லை.

2011இல் மகப்பேற்று மருத்துவர்களின் சர்வதேசச் சம்மேளனம் காரணங்களை ஒன்பதாக வகுத்தது. சதைமொட்டு, கருப்பைத் தசைக்குள் உட்சவ்வு ஊடுருவல், நார்த்தசைக் கட்டி, புற்றுநோயும் அதன் முன்னிலையும் என்பன கண்ணாற் காணக்கூடிய நான்கு. குருதி உறையாமை, சூல்முட்டை வெளியேறாமை, உட்சவ்வின் குறைபாடு, மருந்தும் கருவியும் விளைவிப்பன, இன்னும் வகைப்படாதன என்பன ஏனைய ஐந்து. எனவே முதற் கடமை பெண்ணின் வரலாற்றைக் கேட்டல். கர்ப்பம் உண்டா எனப் பார்த்தல். குருதியையும் இரும்பின் இருப்பையும் சோதித்தல். தேவையேற்படின் மீயொலிப் படம் எடுத்தல். 45 வயதைக் கடந்தோரிடம் உட்சவ்வின் சிறு துணுக்கை ஆராய்தல். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி தோன்றினும் அதனை அசட்டை செய்தல் ஆகாது. புற்றுநோயின் முதற் குறி அதுவாகலாம். சிகிச்சையோ இரும்பு மாத்திரை, திரனெக்சாமிக் அமிலம், ஓமோன், 1990இல் பின்லாந்தில் அனுமதி பெற்ற ஓமோன் சுரக்கும் கருப்பைச் சாதனம் என்று படிப்படியாகச் செல்லும். கருப்பையை அகற்றுவது சிலருக்கு இன்றியமையாதது. ஆனால் அது இறுதிப் படி, முதற் படி அன்று.

இவ்வறிவு அனைத்தும் அச்சிலிருந்தும், 2019இல் மகாராட்டிர மாநிலத்து பீட் மாவட்டத்திலிருந்து வந்த செய்தி யாது? கரும்பு வெட்டும் பெண்கள் 82,000 பேருக்கு மேற்பட்டோரை அரசு அமைத்த குழு விசாரித்தது. அவர்களுள் 13,000 பேருக்கு மேற்பட்டோர் கருப்பையை இழந்திருந்தனர்; பலர் 40 வயதையும் எட்டாதவர். கணவனும் மனைவியும் ஒரு கூலியாகக் கணக்கிடப்பட்டு, முன்பணம் பெற்றுச் செல்கின்றனர். ஒருநாள் வேலை தவறினால் தண்டப்பணம். வயலிலே கழிப்பிடமில்லை, தண்ணீரில்லை. உதிரப்போக்கென்று தனியார் மருத்துவரிடம் சென்றாற் புற்றுநோய் அச்சம் காட்டப்படுகிறது. கடன் வாங்கிக் கருப்பையை அகற்றிவிட்டு, அக்கடனை அடைக்க மீண்டும் கரும்புத் தோட்டத்துக்கே செல்கிறாள். ஏனைய மாநிலங்களிலும் நிகழ்ந்த இத்தகைய சத்திரசிகிச்சைகள் குறித்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில், தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டல்களை மூன்று மாதத்துள் நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது.

பாற்றியின் காலத்தில் அறியாமை இருந்தது. பீட் மாவட்டத்தில் அறியாமை என்ற சாட்டுக்கும் இடமில்லை. குருதிச் சோதனையும் இரும்பு மாத்திரையும் விலைமிகுந்தவை அல்ல. விலைமிகுந்தது அவளுக்குக் கிடைக்காத ஒருநாள் ஓய்வே. சம்பளத்தோடு கூடிய விடுப்பு, வேலைத்தளத்திற் கழிப்பிடமும் தண்ணீரும், தண்டப்பணம் இல்லாத ஒப்பந்தம் ஆகியவையும் பெரும்பாட்டுக்கு மருந்துகளே. இவற்றை எந்த மருந்துக் கடையும் விற்பதில்லை.

இலங்கையில் இலவச மருத்துவமும், வீடு தேடி வரும் மருத்துவமாதரும் உள்ளனர். 1996 முதல் 35 வயதைக் கடந்த பெண்களுக்கென நலச் சிகிச்சை நிலையங்களும் நடைபெறுகின்றன. அந்த வாயில்வரை வரும் பெண், தானாக இதனைச் சொல்லத் தயங்குவாள். தோட்டத்துப் பெண் நாட்சம்பளம் போகுமென்று வராமலே இருப்பாள். ஆகையால் அவளிடம் கேட்கப்பட வேண்டும். அவள் மொழியிற் கேட்கப்பட வேண்டும். மாதத்தில் எத்தனை நாள் போகிறது, துணி எத்தனை தரம் மாற்றுகிறாய், கட்டியாகப் படுகிறதா, அந்நாள்களில் வேலைக்குப் போக முடிகிறதா என்ற நான்கு கேள்விகளுக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்திலே சிறுமியருக்கும், சங்கக் கூட்டத்திலே தொழிலாளப் பெண்களுக்கும், வீட்டிலே ஆண்களுக்கும் இவை சொல்லப்படுமாயின், கூட்டத்தின் பின்புறமாக ஒளிந்து வரவேண்டிய அவசியம் எந்தப் பெண்ணுக்கும் இராது.